வானத்தில் கோள், கரையில் சங்கு எங்கே?

மில்லில் சங்கு ஊதினால் ஷிப்டு மாறும். கடற்கரையில் சங்கு ஊதினால் உயிர் பிழைக்கும். இந்த இரண்டாவது சங்கை ஊதுவதற்காகவும்தான் இந்திய மக்களின் வரிப்பணத்தில், பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக் கோள்கள் நிறுத்தப்பட்டன. அவற்றில் ஒரு தலைமுறைக்கு, இன்சாட்-2 என்று பெயர் பெற்ற ஐந்து கோள்களுக்கு, நம் நாட்டு உழைப்பின் சரித்திரத்தில் தனி இடம் உண்டு.

ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். வானத்து விஷயத்தை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடுங்கள் என்றும் உபதேசிக்கலாம். தீப்பெட்டி முதல் செருப்பு வரை வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி கொடுப்பவர்கள் யார்? அந்தப் பணத்தில்தான் கோள் பறக்கிறது. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்பதில் தவறு என்ன இருக்கிறது?

முதலில், இந்தக் கோள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, அந்த உயரத்தில், ஒரு கோள் பூமியைச் சுற்றிவர ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. பூமியும் தன்னைத்தானே சுற்ற அதே நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கீழிருந்து பார்த்தால் கோள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். செக்கு ஓட்டுகிறவனைப் பார்த்திருக்கிறோம். செக்கின் பலகையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். மாடு சுற்றுகிறது, பலகையும் சுற்றுகிறது. அவன் கண்ணுக்கு மாடு எப்போதும் எதிரே அதே இடத்தில்தான் நிற்கிறது. அதே கணக்குதான் இதுவும்.

அசையாமல் நிற்பதால் அதற்கு இரண்டு பெரிய பலன்கள். ஊரில் ஓர் ஆண்டெனாவை ஒரு தடவை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டால் போதும். தினந்தோறும் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்து, அதில் ஒரு கண்ணைப் பொருத்தினால் வங்காள விரிகுடாவை இரவும் பகலும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். புயல் எங்கே பிறந்தது, எப்பக்கம் நகருகிறது என்பது அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

அத்தகைய கண் இல்லாத காலம் எப்படி இருந்தது? 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியை எண்ணிப் பாருங்கள். பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரே மணல் மேடாயிற்று. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் புகுந்தபோது சுமார் 10,000 பேர் இறந்தனர். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யார்? குடிசையில் கிடந்த விவசாயக் கூலிகளும் மீனவர்களுமே!

அப்படியிருந்த நாட்டில் கோள் எப்படி வந்தது? மூன்று படிகளில் வந்தது. முதல் படி இரவல். இரண்டாவது படி விலைக்கு வாங்கியது. மூன்றாவது படி சொந்தக் கையால் செய்தது.

1975 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் 1976 ஜூலை 31-ந் தேதி வரை, ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 என்ற கோள் இந்தியாவுக்கு இரவலாகக் கிடைத்தது. ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் டெலிவிஷன் பெட்டி வைக்கப்பட்டது. பயிர்த்தொழில், சுகாதாரம், பள்ளிக்கூடப் பாடம் ஆகியவற்றைக் கிராம மக்கள் கூடி உட்கார்ந்து பார்த்தனர். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் ஓராண்டு முடிந்ததும் கோளை உடையவன் நகர்த்திக்கொண்டு போய்விட்டான். இரவல் சேலை எத்தனை நாளைக்கு?

அடுத்து வந்தது இன்சாட்-1 வரிசை. இவற்றை அமெரிக்காவின் போர்டு ஏரோஸ்பேஸ் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்து வாங்கினோம். நான்கு கோள்கள் பறந்தன. 1982 ஏப்ரலில் போன 1ஏ, திசையை நிலைநிறுத்தும் எரிபொருள் தீர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் செயலற்றுப் போயிற்று. 1983 ஆகஸ்டில் போன 1பி நன்றாக உழைத்தது. 1988 ஜூலையில் போன 1சி, மின்சாரக் கோளாறால் பாதிச் சக்தியை ஆரம்பத்திலேயே இழந்தது. 1989 நவம்பரில் அடியோடு கைவிடப்பட்டது. 1டி, ஏவுவதற்கு முன்பே ஏவுதளத்தில் அடிபட்டுப் பழுதுபார்க்கப்பட்டு, 1990 ஜூனில் போய்ச் சேர்ந்தது. அதுவும் நன்றாக உழைத்தது.

ஆக, நான்கில் இரண்டு நிலைத்தன. வாங்கிய இயந்திரம் என்றால் என்ன என்று மில் தொழிலாளிக்குத் தெரியாததல்ல. பிற நாட்டு மெஷின் நின்றுவிட்டால், அதன் உள்ளே இருப்பதை அறிந்தவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். பிட்டருக்குத் திறமை இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மெஷின் கெட்டது ஒரு நஷ்டம். ஏன் கெட்டது என்ற பாடமும் நமக்கு முழுதாகச் சேராதது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இந்த நிலையை மாற்றியதுதான் இன்சாட்-2. இஸ்ரோவின் பெங்களூர்க் கூடங்களில் நம் நாட்டு என்ஜினியர்களும் டெக்னீஷியன்களும் தொழிலாளிகளும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். அவர்களுக்கு முன் அனுபவமாக இருந்தது ஆப்பிள் என்ற சிறு கோள். 1981 ஜூனில் பறந்த அந்தக் கோளின் ஆண்டெனாவைச் சோதிக்க, உலோகம் கலவாத வண்டி தேவைப்பட்டபோது, ஒரு கட்டை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்துச் சோதித்தார்கள். அந்தப் படத்தைக் காட்டி நகைத்தவர்கள் உண்டு. நகைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கையில் இருப்பதைக் கொண்டு காரியத்தை முடிப்பது உழைப்பாளியின் புத்தி.

1992 மே மாதம் அமெரிக்க சர்க்கார் இஸ்ரோவின் மீது இரண்டாண்டுத் தடை விதித்தது. ரஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் ராக்கெட் நுட்பத்தை வாங்க ஒப்பந்தம் செய்ததுதான் குற்றமாம்! தடை விதித்து இரண்டே மாதத்தில், 1992 ஜூலை 10-ந் தேதி, இன்சாட்-2ஏ வானில் ஏறியது. எடை 1,900 கிலோவுக்குச் சற்று மேல். இன்சாட்-1 கோள்களைவிட வெகுவாகப் பெரியது. அன்று இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் யு. ஆர். ராவ். கோளைத் தன் இடத்துக்கு ஏற்றும் திரவ எரிபொருள் மோட்டார் நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. அந்த மோட்டாரைச் சோதித்த இடம் திருநெல்வேலி ஜில்லாவின் மகேந்திரகிரி. கோளைக் கவனித்து நடத்தும் நிலையம் கர்நாடகத்தின் ஹாசன்.

ஓர் உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. கோள் நம்முடையது, ராக்கெட் நம்முடையதல்ல. ஐந்து இன்சாட்-2 கோள்களும் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஐரோப்பிய ஏரியான் ராக்கெட்டில் கூலி கொடுத்தே ஏற்றப்பட்டன. தடையால் தாமதமான கிரையோஜெனிக் என்ஜினை நாமே செய்து, அதைக் கொண்டு ஒரு கோளை வெற்றிகரமாக ஏற்றியது 2014 ஜனவரி 5-ந் தேதிதான். 2025 நவம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 4,400 கிலோ எடையுள்ள தகவல் தொடர்புக் கோள் ஒன்று நம் ராக்கெட்டிலேயே ஏறியது. தடை போட்டவர்களுக்கு இதுவே பதில்.

2ஏ கோளுக்கும், 1993 ஜூலையில் போன 2பி கோளுக்கும் வகுக்கப்பட்ட ஆயுள் 7 ஆண்டுகள். 2ஏ அதைத் தாண்டி உழைத்தது. இந்த இரண்டு கோள்களும் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தன. கீழிருந்து வரும் அலையை வாங்கி, வலுவேற்றி, திருப்பி அனுப்பும் பெட்டிகள் இருந்தன; டெலிபோனும் ரேடியோவும் டெலிவிஷனும் அவற்றின் வழியே நடந்தன. மேகத்தைப் பார்க்கும் கண் இருந்தது. கடலில் தத்தளிப்பவரின் அபாயக் குறியைக் கேட்டுச் சொல்லும் காதும் இருந்தது.

மேகத்தைப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது மிகவும் குளிர்ந்திருக்க வேண்டும். ஆகவே கோளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வெயிலை மின்சாரமாக்கும் பலகை. மறு பக்கம் இருண்ட வானத்துக்குத் திறந்திருக்கும். வெயிலுக்கும் அழுத்தம் உண்டு. ஒரு பக்கப் பலகை மட்டும் இருந்தால் கோள் சாய்ந்து விடும். அதைச் சமன் செய்ய மறு பக்கத்தில் நீண்ட கம்பின் முனையில் ஒரு பாய் விரித்தார்கள். காவடியில் இரு பக்கமும் பாரம் சமமாக இருக்க வேண்டாமா? அதுபோலத்தான். வாங்கிய 1ஏ கோளில் இந்தப் பாய் விரியாமலே போனது. நம்மவர்கள் செய்த கோளில் விரிந்தது.

இவ்வளவும் எதற்காக? 1980-களின் நடுவில் வட தமிழ்நாடு, தென் ஆந்திரக் கரைகளில் புயல் எச்சரிக்கைப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பிறகு இரு கரைகளிலும் சுமார் 250 இடங்களுக்கு அவை பரவின. புயல் எச்சரிக்கை நிலையம் செய்தியைக் கோளுக்கு அனுப்பும். ஆபத்திருக்கும் ஜில்லாவின் பெட்டி மட்டும் விழித்துக்கொண்டு சங்கு ஊதும். பிறகு அந்தப் பகுதி மக்களின் பாஷையிலேயே எச்சரிக்கையைச் சொல்லும். தந்திக் கம்பி அறுந்தாலும், ரோடு மூழ்கினாலும், இந்தச் சங்கு ஊதும். கம்பியும் ரோடும் அதற்குத் தேவையில்லை.

பலன் என்ன? 1990 மே மாதம் ஆந்திரக் கரையைக் கடும் புயல் தாக்கியது. 1977-ல் வந்த புயலுக்கு இணையாகச் சொல்லப்படும் புயல் அது. அன்று சங்கு ஊதிற்று. முன்கூட்டியே பெருந்திரளான மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். 1977-ல் மாண்டவர் சுமார் 10,000 பேர். 1990-ல் ஆயிரத்துக்கும் கீழே. அந்த உயிர்களும் அருமையானவையே. என்றாலும் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பிழைத்தன என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆனால் கோள் மட்டும் போதுமா? போதாது. 1999 அக்டோபர் 29-ந் தேதி ஒரிசாவைப் பெரும் புயல் தாக்கியபோது வானத்தில் கோள் இருந்தது. புயல் வருவதும் தெரிந்திருந்தது. ஆயினும் சுமார் 10,000 பேர் மாண்டனர். ஏன்? ஓடு என்றால் எங்கே ஓடுவது? அந்த நீண்ட கரையில் புயலைத் தாங்கும் கட்டிடங்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவையே. மண் சுவரை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் மண்ணோடு போனார்கள். அதற்குப் பிறகு அங்கே காப்பகங்கள் கட்டப்பட்டன. கிராமம் கிராமமாக மக்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். மாண்டவர் ஐம்பது பேர் அளவில் நின்றது. இரண்டு புயலின்போதும் கோள் மேலே இருந்தது. வித்தியாசம் கீழே, தரையில் இருந்தது.

நம் கரைக்கு வருவோம். 2017 நவம்பர் 30-ந் தேதி ஓக்கி புயல். கன்னியாகுமரி ஜில்லாவின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தனர். எச்சரிக்கை பிறந்தபோது அவர்கள் கரைக்குத் திரும்ப நேரமில்லை. கையில் இருந்த செல்போனுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் நூற்றுக்கணக்கில். அவர்கள் தலைக்கு மேலே வானத்தில் நாட்டின் கோள்கள் இருந்தன! அந்தக் கோளோடு பேச ஒரு சிறு கருவி படகில் இல்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

2018 நவம்பர் 16-ந் தேதி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியது. இம்முறை எச்சரிக்கை வந்தது. பல்லாயிரம் பேர் முகாம்களுக்குப் போனார்கள். பல உயிர்கள் தப்பின. ஆனால் முகாமிலிருந்து திரும்பிய விவசாயத் தொழிலாளி கண்டது என்ன? கூரை இல்லாத குடிசை; சாய்ந்து கிடக்கும் தென்னந்தோப்பு; அதோடு போன கூலி வேலை. கோள் புயலைச் சொல்லும். வீடு கட்டித் தராது.

ஆகவே ஒன்று தெளிவாகிறது. கோளை ஏற்றுவது பாதி வேலை. சங்கும், படகுக் கருவியும், காப்பகமும், கல் வீடும் மறு பாதி. முதல் பாதியை நம் தொழிலாளிகளும் விஞ்ஞானிகளும் முடித்துக் காட்டிவிட்டனர். மறு பாதி இன்னும் பாக்கி. அது சர்க்காரின் கணக்கில் நிற்கும் கடன்.

இந்தக் கடனைத் தீர்ப்பதற்குள்ளேயே கோள்களின் நோக்கம் மெல்ல மெல்ல மாறி வந்திருப்பதை நாம் பார்க்கிறோம். இன்சாட்-2 தலைமுறையிலேயே இதன் அடையாளம் தெரிந்தது. 1995 டிசம்பரில் போன 2சி கோளிலும், 1997 ஜூனில் போன 2டி கோளிலும் மேகத்தைப் பார்க்கும் கண் இல்லை; வியாபாரத் தொடர்புக்கான பெட்டிகள் கூடின. 2டி நான்கே மாதத்தில் மின்சாரக் கோளாறால் செயலிழந்தது. வெற்றிடத்தை நிரப்ப, அரபு நாடுகளின் கோள் ஒன்றை வானத்தில் இருந்தபடியே விலைக்கு வாங்கினார்கள். நம் சொந்தக் கோளும் கெடும், அதில் அவமானமில்லை. கெட்டதன் காரணத்தைக் கற்று அடுத்ததைத் திருத்தும் அறிவு நம் கூடத்திலேயே தங்கியது. 1999 ஏப்ரலில் போன 2இ நம் வேலையின் தரத்தை உலகுக்குக் காட்டியது; அதன் 11 பெட்டிகளை இன்டல்சாட் என்ற சர்வதேச ஸ்தாபனமே வாடகைக்கு எடுத்தது.

அந்த இன்டல்சாட்டின் கதையையும் கவனிக்க வேண்டும். பல நாட்டு சர்க்கார்கள் சேர்ந்து, எல்லா நாடுகளுக்கும் சேவை செய்வதற்காக ஏற்படுத்திய ஸ்தாபனம் அது. 2001 ஜூலையில் அதைத் தனியார் கம்பெனியாக மாற்றினார்கள். கை மாறிக் கை மாறிக் கடன் குவிந்து, 2020 மே மாதத்தில் திவால் பாதுகாப்புக் கோரி அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போனது. 2025 ஜூலையில் மற்றொரு கம்பெனி அதை விழுங்கிவிட்டது. பொதுச் சொத்து தனிச் சொத்தானால் கதி என்ன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் நாட்டிலும் இதற்கான வாசனை அடித்திருக்கிறது. கரையில் சங்கை ஊதவைத்ததே எஸ் அலைவரிசைதான். 2005-ல் இஸ்ரோவின் வாணிப அமைப்பான ஆண்ட்ரிக்ஸ், இரண்டு புதுக் கோள்களின் எஸ் அலைவரிசை இடத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. எதிர்ப்புக் கிளம்பி, 2011 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அதை ரத்துச் செய்தது. அந்தக் கம்பெனி மோசடிக்காகவே நடத்தப்பட்டது என்ற தீர்ப்பை 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 கோள் முழுவதும் ஒரு தனியார் டெலிவிஷன் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்பட்டது. 2024-ல், கோள் செய்வதிலும் நடத்துவதிலும் அந்நிய மூலதனம் 74 சதவீதம் வரை தானாகவே நுழைய வழி திறக்கப்பட்டது.

நாம் டெலிவிஷனுக்கு விரோதிகள் அல்ல. நாள் முழுதும் நெய்துவிட்டு வந்த தொழிலாளி மாலையில் ஒரு சினிமா பார்த்தால் அதில் குற்றமில்லை. வாடகைப் பணம் பொதுக் கஜானாவுக்கு வருவதையும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் கேட்பது வரிசையைப் பற்றி. முதலில் யார்? பிறகு யார்? பந்தியில் விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, அடுப்பெரித்தவனைப் பட்டினி போடுவது நியாயமா?

ஓக்கிக்குப் பிறகு சர்க்கார் சில அடிகள் எடுத்து வைத்ததை நாம் மறுக்கவில்லை. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் கோளோடு பேசும் கருவியை இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாயில் ஒரு திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. நல்லது. ஆனால் திட்டத்தின் மதிப்பு அறிவிப்பில் இல்லை, படகில் இருக்கிறது. கருவி பெட்டியில் தூங்கினால் யாருக்கு லாபம்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும், சிறிய வள்ளம் உட்பட, கோளோடு பேசும் கருவி இருக்க வேண்டும். அதைப் பழுதுபார்க்கத் துறைமுகந்தோறும் ஆள் இருக்க வேண்டும். கரையோரக் கிராமந்தோறும் சங்கு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஊரார் முன்னிலையில் அதை ஊதிச் சோதிக்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் காப்பகம் வேண்டும். குடிசையில் வாழும் விவசாயத் தொழிலாளிக்குப் புயலைத் தாங்கும் வீடு வேண்டும். எத்தனை கோள் வாடகைக்குப் போனாலும், எச்சரிக்கைக்கும் வானிலைக்கும் உரிய இடத்தை எவனுக்கும் விற்கக் கூடாது.

சங்கங்களில் இதைப் பேசுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: எங்கள் ஊருக்குச் சங்கு எங்கே? காப்பகம் எங்கே? எத்தனை படகுக்குக் கருவி வந்தது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரவலாக வந்த கோள் திரும்பிப் போயிற்று. வாங்கிய கோளில் பாதி பாழாயிற்று. நம் கையால் செய்த கோள் நிலைத்து நின்று உழைத்தது. மக்கள் பணத்தில், மக்கள் உழைப்பில் எழுந்தது அது. அதன் வாரிசுகள் முதலில் மக்கள் உயிரைக் காக்கட்டும். லாபக் கணக்கைப் பிறகு பார்ப்போம்!